பூமாவை மரமேற்றும் நாய்கள்: வாசகர் கேள்வி பதில்

பழக்கிய நாய்களைக் கொண்டு பூமா (அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரும்பூனை), சிறுத்தை போன்ற பெரும்பூனைகளைத் தேடுவது, மறிப்பது, பிடிப்பது பற்றித் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் குழுவினர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

இருபத்தைந்து கிலோ நாய் அறுபது கிலோ பூமாவை மரத்தில் ஏற்றிவிடுகிறது என்கிறார்கள். பூமா திரும்பி ஓங்கி ஓர் அடி அடித்தால் நாய் செத்துப்போகாதா? அது ஏன் ஓட வேண்டும்?
– வாசகர், கிண்ணியா

செத்துத்தான் போகும். அப்படிச் சாகிற நாய்களும் உண்டு. ஆனால் பூமா பெரும்பாலும் நின்று சண்டை பிடிப்பதில்லை. அது பதுங்கிப் பாய்கிற மிருகம். முதல் சில நூறு மீற்றருக்கு எந்த நாயாலும் அதை நெருங்க முடியாது. ஆனால் உடம்பின் அளவுக்கு அதன் இதயமும் நுரையீரலும் சிறியவை. கொஞ்ச நேரம் வேகமாக ஓடினாலே மூச்சு முட்டிவிடும். வேட்டைநாயோ அரை நாள் ஓடும். வட அமெரிக்காவில் ஓநாய்க் கூட்டம் பூமாவை இரையிலிருந்து துரத்துவது சாதாரணமாக நடக்கிற காரியம். பல நாய் வகை மிருகங்கள் சேர்ந்து குரைத்துக்கொண்டு வந்தால் மேலே ஏறுவதுதான் பூமாவுக்குப் பத்திரம். மரம் இல்லாத இடத்தில் செங்குத்தான பாறை விளிம்பில் போய் நிற்கும்.

ஆகவே நாயின் வேலை தேடுவதும், தொடர்வதும், மேலே ஏறியதை இறங்க விடாமல் ஆள் வரும்வரை குரைத்து நிறுத்துவதும்தான். கடிக்கப் பாய்கிற நாயை நல்ல வேட்டைநாய் என்று யாரும் சொல்வதில்லை. அது மற்ற நாய்களையும் ஆபத்தில் இழுத்துவிடும். நம் ஊரில் பன்றிக்குப் போகும் நாயிடம் நாங்கள் மெச்சுகிற முரட்டுத்தனம் இங்கே குறை.

தூரத்தில் இருக்கிற ஆளுக்கு நாயின் குரலே செய்தி. பழைய தடத்தில் மெதுவாகப் போகும்போது நீண்ட, இழுத்த குரல், இடைவெளி விட்டு விட்டு வரும். தடம் புதிதாகி, பூனை எழுந்து ஓடத் தொடங்கியதும் குரல் குறுகி அடுக்கடுக்காக வரும். மரத்தடியில் நின்றுவிட்டால் ஒரே இடத்திலிருந்து, ஒரே தாளத்தில், நிற்காமல் வெட்டி வெட்டிக் குரைக்கும். தன் நாய்களின் குரலைத் தனித்தனியாக அறியாத ஆள் காட்டில் பாதிக் குருடர்.

எத்தனை நாய் வேண்டும்? என்ன இனம்?
– வாசகர், உப்புவெளி

மூன்று முதல் ஆறு வரை. அதற்கு மேல் போனால் கூச்சலும் போட்டியும்தான் மிஞ்சும்; இளசுகள் தடத்தை மிதித்துக் கலைத்துவிடும். கூட்டத்தில் ஒரு மூத்த நாய் அவசியம். பல மணி நேரம் பழசான, வெயில் பட்டு மங்கிய மோப்பத்தையும் எடுத்து நகர்த்தக்கூடியது அதுதான். ஓடுவதற்கு இரண்டு மூன்று நடுவயது நாய்கள். மரத்தடியை விட்டு அசையாத ஒன்று. இந்தக் குணம் எல்லா நாய்க்கும் வராது.

அமெரிக்காவில் அதிகம் காணப்படுபவை ட்ரீயிங் வோக்கர், புளூரிக், றெட்போன், பிளாக் அன்ட் ரான், பிளொட் ஆகிய இனங்கள். வோக்கர் வேகமானது, சூடான (மணம் புதிதான) தடத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. புளூரிக் மெதுவாக, ஆழமாக மோப்பம் பிடிக்கும். பிளொட் துணிச்சல்காரன், ஜேர்மன் குடும்பம் ஒன்று வட கரோலினாவில் வளர்த்தெடுத்த இனம், அந்த மாநிலத்தின் அடையாள நாயும் அதுவே. அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட நாட்டில் பிளட்ஹவுண்ட் இரத்தம் கலந்து வளர்ப்பவர்களும் உண்டு. இனத்தின் பெயரைவிட, தாயும் தகப்பனும் காட்டில் வேலை செய்தவையா என்று பார்ப்பதே மேல்.

நான் பார்த்த நாய்கள் எல்லாம் காட்டுக்குள் விட்டதும் முயல், மான், உடும்பு என்று கண்டதையும் துரத்துகின்றன. பெரும்பூனையின் தடத்தை மட்டும் பிடிக்க எப்படிப் பழக்குகிறார்கள்?
– வாசகர், மூதூர்

இந்தத் தொழிலின் முக்கால்வாசி இதுதான். பூனையைத் துரத்தச் சொல்லிக் கொடுப்பது சுலபம். மற்றதைத் துரத்தாமல் விடச் சொல்லிக் கொடுப்பதே பாடு.

முதலில், கூப்பிட்டால் வரும் பழக்கம். குட்டிக்கு இரண்டு மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்தால் தீன். கயிற்றில் இழுக்காமல் நடப்பது, வாகனத்துப் பெட்டிக்குள் அமைதியாக இருப்பது, மற்ற நாய்களோடு சங்கிலியில் கட்டினாலும் சண்டை பிடிக்காமல் நிற்பது, இவை எல்லாம் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். ஆறு முதல் எட்டு மாதத்தில் மூத்த நாய்களோடு காட்டுக்குப் போகலாம். ஆனால் தடத்தை எடுக்கும் வேலையில் குட்டியை விடுவதில்லை. மூத்தவை பூனையை எழுப்பி, தடம் சூடாகிய பிறகுதான் அவிழ்ப்பார்கள். அப்போது குட்டி முதன்முதலில் அனுபவிப்பது வெற்றியை. ஆளை எதிர்பாராமல் தானே தடம் எடுக்கிற நாயாக முதிர இரண்டு மூன்று வயதாகும்.

மானைத் துரத்தாமல் விடப் பழக்கும்போது பலரும் பிழை விடுவது இங்கேதான்: கூப்பிட்டால் வரப் பழகாத குட்டிக்கு மின்கழுத்துப்பட்டியைக் கட்டி, மானைத் துரத்தும்போது அதிர்ச்சி கொடுக்கிறார்கள். நாய்க்கு எதற்கு அடி விழுந்தது என்று விளங்காது. அந்த நேரம் அதன் மூக்கில் பூனையின் மணம் இருந்தால், பூனையையே வெறுத்துவிடும். காட்டுக்குள் இறங்கவே மறுக்கும். பட்டியைக் குறைந்தது இரண்டு வாரம் சும்மா அணிவித்துப் பழக்க வேண்டும். பிறகு வீட்டு வளவிலேயே, கூப்பிட்டு வராதபோது மிகக் குறைந்த அளவில் பாவித்து, அதன் பொருளைக் கற்பிக்க வேண்டும். மான் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், நாய் துரத்துவது மானைத்தான் என்று நூறு வீதம் நிச்சயமான போது மட்டும் திருத்தம். சந்தேகம் இருந்தால் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு குறைகள் அடிக்கடி வரும். ஒன்று, தடத்தைப் பின்பக்கமாக எடுப்பது. இளம் நாய் பூனை வந்த வழியே உற்சாகமாக ஓடும். மணம் மங்கிக்கொண்டே போகும். நாயை விட முன்னர் தடத்தின் திசையை ஆள்தான் பார்க்க வேண்டும். விரல் பக்கம் எது, மணல் எந்தப் பக்கம் தள்ளுண்டிருக்கிறது என்று பார்த்தால் தெரியும். நாய்கள் புறப்பட்ட பிறகும் சில நூறு மீற்றர் தள்ளி இன்னொரு தடத்தைச் சரிபார்ப்பது நல்லது. மற்றது, வெறும் மரத்தில் குரைப்பது. பூனை ஒரு மரத்தில் ஏறி, கிளைவழியே பாய்ந்து அப்பால் இறங்கிப் போயிருக்கும். நாய் அடிமரத்தின் மணத்தை நம்பி நின்றுவிடும். அங்கே போய் நாயைத் தட்டிக்கொடுத்தால் அந்தக் குறை நிலைத்துவிடும். மேலே பூனையைக் கண்ணால் காணும்வரை ஒரு சொல்லும் மெச்சிச் சொல்லக்கூடாது. பேசாமல் கயிற்றில் கட்டி, மரத்தைச் சுற்றி ஐம்பது அறுபது மீற்றர் வட்டமாக நடத்தினால், இறங்கிய இடத்தைப் பெரும்பாலும் நாயே கண்டுபிடிக்கும்.

குளக்கட்டில் காணும் அடித்தடம் நாயினதா சிறுத்தையினதா என்று எப்படிச் சொல்வது?
– வாசகர், தம்பலகாமம்

இரண்டுக்கும் நான்கு விரல். நாய்த் தடத்தில் நகக் குறி விழும். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் பொதுவாக விழாது. சேற்றில் வழுக்கினால் மட்டும் விழலாம். நகத்தை மட்டும் நம்பாமல் விரல்களுக்குப் பின்னால் பதியும் பாத மெத்தையைப் பாருங்கள். பூனையினத்தில் அதன் பின்விளிம்பு மூன்று மேடாகத் தெரியும், மெத்தையும் விரல்களைவிட மிகப் பெரிது. நாய்த் தடத்தின் நடுவில் விரல்களுக்கும் மெத்தைக்கும் இடையே பெருக்கல் குறி போடலாம். பூனைத் தடத்தில் அந்தக் கோடு மெத்தையில் மோதும். விடியற்காலையில், வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். உச்சி வெயிலில் நிழல் இல்லாததால் ஆழம் தெரியாது.

நாயின் மூக்குக்கும் அதே கணக்குத்தான். ஈரமும் குளிரும் மணத்தைப் பிடித்து வைக்கும். வெயில் ஏறினால் காய்ந்த மண்ணில் மணம் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் வறண்ட நாட்டு வேட்டைக்காரர் விடிய முன்னரே புறப்படுகிறார்கள். உறைபனி விழும் மாநிலங்களில் புதுப்பனி பெய்த மறுநாள் காலையே நல்ல நாள். தடம் நேற்றையதா இன்றையதா என்ற கேள்வியே எழாது.

புலியையும் சிங்கத்தையும் இப்படி நாய் விட்டுப் பிடித்திருக்கிறார்களா?
– வாசகி, நிலாவெளி

சிங்கத்தை மறித்திருக்கிறார்கள். தென்னாபிரிக்காவிலும் றொடீசியாவிலும் (இன்றைய சிம்பாப்வே) நாய்கள் சிங்கத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி அதன் கவனத்தைத் திருப்ப, ஆள் துவக்கால் சுடுவார். மரமேற்றும் கதை அங்கே இல்லை. புலி நாயை இரையாகவே பார்க்கும். ரஷ்யத் தூர கிழக்கில் முன்னர் புலிக்குட்டி பிடிப்போர் நாய்களை விட்டுக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து மறித்து, கவட்டைத் தடிகளால் அழுத்திப் பிடித்து, உயிரோடு கட்டினார்கள், மிருகக்காட்சிச்சாலைகளுக்காக.

நம் சிறுத்தையையும் நாயால் மரமேற்ற முடியும்தானே? மொறவெவப் பக்கம் நாய்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. நாங்களே ஒரு கூட்டம் பழக்கினால் என்ன?
– வாசகர்கள், மொறவெவ

வேண்டாம். சட்டம் முதற் காரணம்: 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் சிறுத்தை பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதைத் துரத்துவதும் குற்றமே.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தொழிலை மட்டும் பார்த்தாலும் இது நடக்காது. பூமாவுக்கு மரம் அடைக்கலம். சிறுத்தை மரமேறுவதில் அதைவிடக் கெட்டிக்காரன் என்றாலும், நாய் துரத்தும்போது ஏறுவது நிச்சயமில்லை. பற்றைக்குள்ளோ பாறை இடுக்கிலோ முதுகைக் கொடுத்து நின்று, நெருங்கும் நாயை அடிக்கும். பின்னால் வரும் ஆள்மேலும் பாயும். ஆபிரிக்காவில் நாய் கொண்டு சிறுத்தை வேட்டையாடியவர்கள் நாய்களையும், சில வேளை தங்கள் கைகால்களையும் அதற்கு விலையாகக் கொடுத்தார்கள். தென் அமெரிக்காவின் ஜாகுவாரும் இப்படித்தான். சில வேளை மரமேறும், சில வேளை நிலத்திலேயே நின்று நாய்களைக் கொல்லும். இன்னொன்று: நாய் சிறுத்தைக்கு உணவு. உணவு தன்னைத் துரத்துகிறது என்று அது நெடுநேரம் பயப்படாது. நம் வறண்ட வலயக் காட்டில் முள்ளும் பற்றையும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஐந்து மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத இடத்தில் குரலை மட்டும் நம்பி உள்ளே போவது உயிர்ப்பந்தயம்.

இலங்கையில் நாய்க்கூட்டத்தோடு வேட்டையாடியதற்குப் பெயர் போனவர் சாமுவேல் பேக்கர். 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறி, மலைநாட்டில் மரையை நாய்களால் மறித்துக் கத்தியால் கொன்றவர். அவருடைய கூட்டம் கூட மரைக்கும் பன்றிக்கும்தான். சிறுத்தையோ அந்தக் கூட்டத்திலிருந்து நாய்களைத் தூக்கிக்கொண்டு போன மிருகம்.

உங்கள் நாய்களைக் காப்பாற்ற வழி: பொழுது சாய்ந்ததும் அவற்றைக் கூரையுள்ள அறைக்குள் அடையுங்கள். முற்றத்தில் சங்கிலியில் கட்டிய நாய், காவலாகாது, இரையாகும். அறுத்த கழிவையும் மீன் தலையையும் வளவோரம் கொட்டாதீர்கள். கழிவு தெருநாயைக் கூட்டும், தெருநாய் சிறுத்தையைக் கூட்டும்.

திருகோணமலை நகரில் றொடீசியன் றிட்ஜ்பாக் குட்டி விற்கிறார்கள். முதுகுக் கோடு இருந்தால் அசல்தானா?
– வாசகர், திருகோணமலை

கோடு மட்டும் போதாது. சிங்கத்தை மறிக்கப் பாவித்த இனம் இது; முதுகு மயிர் எதிர்த்திசையில் வளர்வதால் விழுவதே அந்தக் கோடு. தாய்லாந்திலும் வியட்நாமின் பூகுவோக் தீவிலும் முதுகுக் கோடுள்ள நாய்கள் உண்டு. கலப்புக் குட்டிக்கும் அது விழும். 1922இல் றொடீசியாவின் புலவாயோவில் எழுதப்பட்ட இனவரையறையின் வழியில் வந்த அளவுகள் இவை: கடுவன் 63–69 சென்ரிமீற்றர் உயரம், 36 கிலோ அளவு, பெட்டை 61–66 சென்ரிமீற்றர், 32 கிலோ. கோடு தோளுக்குப் பின்னால் அகலமாகத் தொடங்கி இடுப்பு நோக்கி ஒடுங்க வேண்டும், மேல்முனையில் ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு சுழி.

அதைவிட முக்கியம் தோற்குழல் என்ற பிறவிக் குறை. கழுத்திலும் முதுகிலும் தோலிலிருந்து முள்ளந்தண்டு நோக்கி ஒரு மெல்லிய குழாய் இறங்கியிருக்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோலைத் தூக்கி, பிடரியிலிருந்து வால்வரை மெதுவாக நகர்த்துங்கள். உள்ளே நூல்போல ஒன்று தோலோடு இழுபட்டால் அதுதான். பின்னர் கிருமி தொற்றிச் சீழ் கட்டும்; சத்திரசிகிச்சைதான் வழி. வாங்க முன்னர் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த இனத்துக்கு ஒவ்வொரு நாளும் நன்றாக ஓட்டம் வேண்டும். நம் ஊரில் அதற்கு நேரம் காலை ஆறரைக்கு முன், அல்லது இருட்டிய பிறகு. நெஞ்சு ஆழமான நாய் என்பதால் வயிறு நிறையத் தின்றவுடன் ஓட விட்டால் இரைப்பை ஊதி முறுக்கும் ஆபத்து உண்டு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணி நேரம் தீன் வேண்டாம்.

கொல்லாமல் ஆய்வுக்காக நாய்களைப் பாவிப்பதாகப் படித்தேன். எப்படிச் செய்கிறார்கள்?
– மாணவி, கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம்

நாய்களின் திறமை மிகவும் மதிப்போடு பயன்பட்ட இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து. மொறிஸ் ஹோர்னொக்கர் 1964இல் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் தொடங்கிய ஆய்வில், வில்பர் வைல்ஸ் என்ற வேட்டைக்காரரின் நாய்கள் பூமாக்களை மரமேற்றின. மயக்கி, அடையாளமிட்டு, விட்டுவிட்டார்கள். பூமாவின் எல்லைகளையும் மான் தொகைமீது அதன் தாக்கத்தையும் பற்றி முதன்முறையாகக் கணக்கோடு பேச முடிந்தது அதனால்தான். புளோரிடாவில் 1981இலிருந்து அங்குள்ள பூமாக்களுக்கு இடமறியும் வானொலிக் கழுத்துப்பட்டி இட்டதும் நாய்களின் உதவியோடு. அவை இருபது முப்பதாகச் சுருங்கி, நெருங்கிய உறவுக்குள் இனம்பெருக்கிக் குறைபாடுகள் கண்டபோது, 1995இல் டெக்சாசிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றில் ஐந்து குட்டி ஈன்றன. அந்தக் கூட்டம் மீண்டது அப்படித்தான்.

முறை இது. பூனை ஏறியதும் முதல் வேலை நாய்களைப் பிடித்துத் தூரமாகக் கட்டுவது. பூனையும் ஆறுதலடையும், குதித்தால் நாய்கள் பாயவும் மாட்டா. பிறகு அது தாயா, குட்டிகள் அருகிலா என்று பார்க்க வேண்டும். பூமாக் குட்டி ஒரு வருடத்துக்கு மேல் தாயை நம்பி இருக்கும். தாய் தனியே ஏறியிருந்தாலும் குட்டிகள் எங்காவது பற்றையில் இருக்கலாம். தடங்களை மீண்டும் பார்த்தால் தெரியும். மரம் மிக உயரமாகவோ, கீழே நீர் அல்லது பாறையாகவோ இருந்தால் அங்கேயே விட்டுவிட வேண்டும். மயங்கிய பூனை நீரில் விழுந்தால் மூழ்கிவிடும்.

மயக்க ஊசி பின்தொடையின் தசையில். மருந்து, கெற்றமின் கலவை அல்லது ரிலெற்றமின்–சொலசெபாம். எடையைக் கண்ணால் மதித்தே அளவு போட வேண்டியிருப்பதால் அனுபவமுள்ள மிருக வைத்தியர் இல்லாமல் இது இல்லை. ஐந்து பத்து நிமிடத்தில் தள்ளாடும். கீழே வலையும் காற்றடித்த மெத்தையும் விரித்திருப்பார்கள். கிளையில் சிக்கினால் ஒருவர் ஏறிக் கயிறு கட்டி இறக்குவார். இறக்கியதும் கண்ணுக்குக் களிம்பு, ஏனென்றால் மயக்கத்தில் இமை மூடாமல் விழி காய்ந்துபோகும். பிறகு கண்கட்டு. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மூச்சு, நாடி, உடற்சூடு. ஓடிக் களைத்த உடம்பு ஏற்கெனவே சூடாக இருக்கும். 41 பாகை செல்சியசைத் தொட்டால் வேலையை நிறுத்தி, தொடையிடுக்கிலும் பாதங்களிலும் நீர் ஊற்றி ஆற்ற வேண்டும். வெப்பமான நாளில் துரத்தலையே தொடங்கக்கூடாது என்பது இதனால்தான். மருந்து தெளிந்து நடக்கும்வரை ஆள் காவல் இருக்க வேண்டும்.

நாய் விட்டுப் பூமா வேட்டையாடுவது இன்னும் எங்கெல்லாம் சட்டப்படி நடக்கிறது?
– வாசகர், குச்சவெளி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் பலவற்றில், அனுமதிப் பத்திரத்தோடு. கலிபோர்னியா 1990இல் பூமா வேட்டையையே வாக்கெடுப்பால் நிறுத்தியது. ஓரிகன் 1994இலும் வாசிங்டன் 1996இலும் நாய் விட்டு வேட்டையாடுவதைத் தடுத்தன. கொலராடோவில் 2024இல் தடைக்கான வாக்கெடுப்பு தோற்றது. இரு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. மரத்தில் இருப்பதை நின்று பார்த்து, ஆணா பெண்ணா, தாயா என்று அறிந்து விட்டுவிட முடிவது நாய் வேட்டையில்தான். தூரத்துத் துவக்குக்கு அந்த வசதி இல்லை. ஆனால் மரத்தில் ஒடுங்கியிருக்கும் மிருகத்தைக் கீழே நின்று சுடுவதில் விளையாட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களோடுதான் நாங்கள் நிற்கிறோம்.

காட்டுக்குள் தொலையும் நாயைத் தேட, அமெரிக்க வேட்டைக்காரர் பாவிக்கும் ஜீபீஎஸ் கழுத்துப்பட்டியை இணையத்தில் வாங்கலாமா?
– வாசகர், வெருகல்

அந்தப் பட்டி செய்மதியிலிருந்து இடத்தை அறிந்து, வானொலி அலை மூலம் உங்கள் கையிலுள்ள கருவிக்கு அனுப்புகிறது. தொலைபேசிச் சமிக்ஞை தேவையில்லை. வெட்டவெளியில் 14 கிலோமீற்றர் என்று விளம்பரம் சொல்லும். குன்றும் அடர்காடும் இருந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். உயரமான இடத்துக்கு ஏறிப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பட்டிகள் 151–154 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இலங்கைக்கு வானொலிக் கருவி கொண்டுவரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். முதலில் அங்கே கேளுங்கள். மணி கட்டிய கழுத்துப்பட்டியும், நன்றாகப் பழகிய விசில் அழைப்பும் மலிவான மாற்று.

கந்தளாய்ப் பக்கம் பட்டியில் கன்றைப் பிடித்துவிட்டது. நாய் வளர்த்தால் தடுக்கலாமா? அதோடு நாய்க்கு ஊசி போட வேண்டும் என்கிறார்களே, அதற்கும் சிறுத்தைக்கும் என்ன தொடர்பு?
– கால்நடை வளர்ப்பவர், கந்தளாய்

நமீபியாவில் ஆட்டு மந்தையோடு பெரிய அனற்றோலிய நாய்களை வளர்த்துச் சிவிங்கிப்புலியை விலக்குகிறார்கள். சிவிங்கிப்புலி பகலில் வரும், கூச்ச சுபாவம். இரவில் வரும் சிறுத்தைக்கு அந்தக் கணக்குச் சரிவராது. கன்றுகளை மட்டுமாவது இரவில் தனியாக அடையுங்கள். சுற்றிவர வலைக்கம்பி, மேலேயும் கட்டாயம் வலை அல்லது தகரம்; கூரையில்லாத பட்டிக்குள் அது பாய்ந்து இறங்கும். கம்பியின் அடி ஒரு முழம் மண்ணுக்குள் போகட்டும். பட்டியைச் சுற்றி இருபது மீற்றருக்குப் பற்றையை வெட்டி வெளியாக்குங்கள். சம்பவத்தை உடனே வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இறந்த கன்றில் நஞ்சு வைப்பது, சுருக்குக் கம்பி, கட்டுத்துவக்கு எதுவும் வேண்டாம். சுருக்கில் சிக்கிக் காயப்பட்ட சிறுத்தைதான் ஊருக்கு உண்மையான ஆபத்து. கட்டுத்துவக்கு உங்கள் அயலவரையும் மாட்டையும் பார்த்துச் சுடாமல் விடாது.

ஊசி பற்றிய கேள்வி சிறுத்தையின் உயிரோடு சம்பந்தப்பட்டது. நாய்களின் டிஸ்டெம்பர் வைரசு பெரும்பூனைகளுக்கும் தொற்றும். 1994இல் தன்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனால் இறந்தது. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தபோதும் இந்த வைரசு கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் நாயைச் சிறுத்தை தின்றால் நோயும் அதனோடு போகும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் டிஸ்டெம்பர் ஊசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை. விசர்நாய்த் தடுப்பூசி தனி. அதை வருடந்தோறும் போடுங்கள். ஊசி மருந்து குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். கடையில் வாங்கி வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுவராமல், நாயை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ப் போடுவதே பயன் தரும்.